பதினேழு மூச்சு

போன வருஷப் பொங்கலுக்கு என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி செய்த கூத்தை அவனியாபுரத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஜல்லிக்கட்டில் இறங்குமுன் மாடுபிடி வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. வரிசையில் நின்ற மனுஷனுக்கு, டாக்டர் முன்னால் மார்பு விடைத்துக்கொண்டு தெரிய வேண்டும் என்று ஆசை. கூடாரத்துக்குப் பின்னால் போய் அறுபது தண்டால் எடுத்துவிட்டு, மூச்சிரைக்க வந்து கையை நீட்டினார். பிரஷர் நூற்றி எழுபது. "கொஞ்ச நேரம் உக்காருங்க, திரும்பப் பாப்போம்" என்றாராம் டாக்டர். இவராவது உட்காருவதாவது! கோபத்தில் அங்கேயும் இங்கேயும் நடந்துவிட்டுத் திரும்ப வந்து கையை நீட்டினார். இரண்டாம் தடவை இன்னும் ஏறியிருந்தது. களத்தில் இறங்குகிறவர்களுக்குத் தரும் பனியன் கிடைக்கவில்லை.

ஊர் சிரித்தது. நான் உள்ளுக்குள் எல்லாச் சாமிக்கும் கும்பிடு போட்டேன். அதற்கு முந்தைய வருஷம் களத்தில் விழுந்தவர், பதறி எழுந்ததால் தொடையில் கொம்பு இறங்கிப் பதினாலு தையல். விழுந்தால் அசையாமல் கிடக்க வேண்டும், மாடு தன் பாட்டுக்குப் போய்விடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வேலை பார்க்கும் லேத் பட்டறையில் மிஷின் நின்றால்கூட இவர் கை நிற்காது.

இந்தத் தடவை விடுவதில்லை என்று ஆடி மாதமே தெருமுனை ஜிம்மில் சேர்ந்தார். அங்கே மாஸ்டர் ஹரிராம் ஒரு சட்டம் வைத்திருந்தார். "எடை தூக்குனதோட வேலை முடியல ஜெயபாண்டி. ஓடுற நெஞ்சை அப்படியே தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. கொஞ்சம் நடந்துட்டு, கண்ணை மூடி உக்காருங்க. மூச்சை விடும்போதெல்லாம் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க. நூறு வரைக்கும்."

ஜிம்மில் உட்கார்ந்தால், "என்ன மாப்ள, சாமியாராப் போறியா?" என்று கூட எடை தூக்கும் சிவபாண்டி கூட்டம் கேலி செய்தது. அதனால் வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் உட்கார்ந்தார். முதல் நாள் பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு எழுந்துவிட்டார்.

"முனீசு, நடுவுல கணக்கு விட்டுப் போகுது. நீ எண்ணேன்."

"வெங்காயம் உரிக்கிறதா, உங்க மூச்சை எண்ணுறதா?"

"ரெண்டையும் செய்யி."

அப்படித்தான் தொடங்கியது. காலை ஆறரைக்கு வியர்த்து வழிய வந்து உட்காருவார். நான் எதிரே முறத்தோடு உட்கார்ந்து, அவர் நெஞ்சு தாழும்போதெல்லாம் வாய்விட்டு எண்ணுவேன். முதலில் ஒரே ஓட்டமாக ஓடும் மூச்சு, ஐம்பதைத் தாண்டினால் நிதானத்துக்கு வரும். புரட்டாசியில் நூறு வரை உட்கார்ந்துவிட்டார். பட்டறைக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவது நின்றது. படுத்தால் தூங்கினார். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். தினமும் இன்னொருவர் மூச்சுக்கு நூறு வரை காத்திருந்தால் அதுவும் குறையத்தான் செய்கிறது.

மார்கழியில் மருந்துக்கடையில் பிரஷர் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். நூற்றி இருபத்தெட்டு. அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. இவரை மாட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதே நான்தான். மறுநாள் நாற்பதோடு நிறுத்திவிட்டேன்.

கண்ணைத் திறந்தார். "என்ன?"

"உங்களை அனுப்ப எனக்கு மனசு இல்ல."

பழைய ஜெயபாண்டி என்றால் முறம் பறந்திருக்கும். இவர் முறத்திலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். "பயமா இருக்கா?"

"இருக்காதா பின்ன?"

"எனக்கும் இருக்கு முனீசு. ஒவ்வொரு வருஷமும் இருக்கு. இந்த ஒரு தடவை, பதறாம நின்னு பாத்துட்டு வாரேன்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் பயம் என்று அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். அந்த நிமிஷம் அவர்மேல் வந்த பிரியத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நாற்பத்தொன்று என்று எண்ணத் தொடங்கினேன்.

பொங்கலன்று காலையில் போன் வந்தது. "நூத்தி இருபத்தாறு! வரிசையில தரையிலயே உக்காந்துட்டேன். எல்லாரும் சிரிச்சானுக. பனியன் வாங்கிட்டேன்."

பொங்கல் பானையை அடுப்பில் வைத்துவிட்டு டிவியில் நேரலையைப் போட்டேன். மூன்றாம் சுற்றில் இறங்கினார். கொட்டாம்பட்டிக் காளை ஒன்று வந்தது. திமிலைப் பிடித்துத் தொங்கினார், வழுக்கி விழுந்தார். காளை ஓடவில்லை. திரும்பி வந்து நின்றது.

குப்புறக் கிடந்தவரின் உள்ளங்கை தரையில் ஊன்றியது. எழப்போகிற கை. அந்தக் கையை எனக்குத் தெரியும். "எந்திரிக்காதீங்க!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். ஊன்றிய கை மெதுவாகத் தளர்ந்தது. களத்தில் பரப்பியிருந்த தேங்காய் நாரில் முகத்தைப் பதித்துக்கொண்டு கிடந்தார். காளை குனிந்து முதுகை முகர்ந்தது. கொம்பு பனியனை உரசியது. என்னையறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன், மொட்டை மாடியில் எண்ணும் அதே நிதானத்தில். ஒன்று. இரண்டு. மூன்று. பதினேழில் காளை தலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பொங்கல் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்திருந்தது.

பரிசு ஒன்றும் இல்லாமல், உடம்பெல்லாம் புழுதியோடு சாயங்காலம் வந்தார். குளிக்கக்கூடப் போகாமல் மாடியேறி வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். நானும் போய் எதிரே உட்கார்ந்தேன்.

"மாடு மேல நின்னுச்சுல்ல, அப்ப எண்ணிக்கிட்டேதான் கெடந்தேன்."

"எம்புட்டு எண்ணுனீங்க?"

"பதினாறு."

"பதினேழு" என்றேன்.

என்னையே பார்த்தார். "நடுவுல ஒண்ணு விட்டுட்டேன் போல."

"அதுக்குத்தான் நான் வேணும்ங்கிறது" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அழுது முடிக்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.