மூன்று சக்கரத்துக்கு இரண்டு பலகை

அக்கா புருஷன் வருவதற்கு முன்னாலேயே அவருடைய ஹாரன் வந்துவிட்டது. தெருமுனையிலிருந்து எங்கள் வாசல்வரை விடாமல் அடித்துக்கொண்டே வந்தார். குறுக்கே ஒரு பூனைகூட இல்லை. ஆனாலும் அடித்தார். தன்னிடம் சொந்தமாக ஒரு பிக்கப் இருப்பது தெருவுக்குத் தெரியாமல் போய்விட்டால் மாமாவுக்குச் சோறு இறங்காது.

எனக்கு அந்த பிக்கப் வேண்டும். அதுதான் என் தலையெழுத்து. நான் கட்டிய மூன்று சக்கர வண்டியை அன்று மதியத்துக்குள் ஊர்க்கடைசியில் இருக்கும் சோதனைத் திடலுக்குக் கொண்டுபோயாக வேண்டும். வீட்டில் கட்டிய வண்டிகளைப் பார்க்கும் அதிகாரி எப்போதாவதுதான் அங்கே வருவார். அவர் சரி என்று சொல்லாமல் அதை ரோட்டில் இறக்க முடியாது. போன தடவை என்ஜினுக்கு அடியில் ஆயில் கசிகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். கசிந்தது ஒரே ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டுக்காக சம்ப்பையே கழற்றி வேறு போட்டேன். சம்ப் என்றால் என்ஜினின் வயிறு, ஆயில் தேங்கி நிற்கிற இடம். என் வண்டியில் அது தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் தொங்குகிறது. அதில் அடி பட்டால் என் கதை முடிந்தது.

வண்டிக்கு நான் வைத்த பெயர் தவளை. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் நடுவில் ஒன்று, இடையில் ஒரு பழைய பைக்கின் என்ஜின். உட்கார்ந்தால் காலை நீட்டிக்கொண்டு தரையோடு தரையாகப் போகலாம். அப்பா அதை ‘உன் சாமான்’ என்பார். மாமா வைத்த பெயர் தள்ளுவண்டி.

"என்ன பாப்பா, தள்ளுவண்டி ரெடியா?" என்றபடி பிக்கப்பிலிருந்து குதித்தார். எனக்கு இருபத்துமூன்று வயது. வெல்டிங் பண்ணத் தெரியும், என்ஜினைப் பிரித்து மாட்டத் தெரியும். பாப்பாவாம்.

பின்னாலேயே அக்காவும் இறங்கினாள். மாமா பிக்கப்பின் பாடியிலிருந்து இரண்டு நீளப் பலகைகளை இழுத்து வாசலில் போட்டார். கையைத் தட்டித் தூசி உதறினார். "பாரு, எப்படிப் பிளான் பண்ணி வந்திருக்கேன்னு."

"மாமா, ரெண்டு பலகைதான் இருக்கு."

"ஆமா."

"வண்டிக்கு மூணு சக்கரம்."

"அதுக்கு?"

"முன்னாடி ரெண்டும் பலகைமேல போயிடும். பின்சக்கரம் நடுவுல இருக்கு. அது எதுமேல போகும்?"

மாமா வண்டியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடியும் வண்டியைப் பார்த்தார். தலைக்குள் கணக்கு நடப்பது வெளியிலேயே தெரிந்தது. கரண்ட் கம்மியாக வரும்போது ஃபேன் சுற்றுமே, அந்த வேகம்.

"முன்னாடி ரெண்டும் ஏறிடுச்சுன்னா, பின்னாடி தானா வந்துடும்."

"பறந்தா?"

அப்பா இருமினார். அது இருமல் இல்லை, எனக்கு எச்சரிக்கை. அப்பா பிஸ்கட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவர். அவர் போட்ட சத்தத்தில் மெஷினே பயந்து ஓடும் என்று சொல்வார்கள். ஆனால் மாப்பிள்ளை வாசலில் கால் வைத்தால் போதும், மடித்து வைத்த துண்டு மாதிரி ஆகிவிடுவார். மாப்பிள்ளை மழை என்றால் அப்பா வெயிலில் குடை பிடிப்பார்.

"மாப்பிள்ளை யோசிக்காம சொல்ல மாட்டார்மா," என்றார். சொல்லிக்கொண்டே பின்பக்கம் போய், பாத்ரூமில் இருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நடுவுல இத போட்டுக்கலாமா மாப்பிள்ளை? சும்மா, உங்களுக்கு இஷ்டம்னா."

"நானே கேக்கலாம்னு இருந்தேன்," என்றார் மாமா.

எங்கள் வீட்டில் மாமாவை யாரும் தப்பு என்று சொல்வதில்லை. அவர் தப்பைச் சுற்றிக்கொண்டு போய், சரியானதை அவர் பையில் போட்டுவிட்டு, அவரே எடுத்ததுபோல் கைதட்டுவார்கள். அப்பா அதில் கெட்டிக்காரர். எனக்கு அந்தப் பொறுமை வராது. ஆனால் சாவி அவர் பாக்கெட்டில் இருந்தது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் கேட்டுக்கு இடதுபக்கம் தெரு ஒரு அடி பள்ளமாக இறங்கும். பிக்கப்பின் பின்சக்கரங்களை அங்கே இறக்கி நிறுத்தினால் பாடி தாழ்ந்துவிடும், பலகையும் அவ்வளவு செங்குத்தாக நிற்காது. சமதரையில் ஏற்றினால் என்ன ஆகும்? தவளையின் முன்சக்கரங்கள் பாடிக்குள் போய்விடும், பின்சக்கரம் இன்னும் பலகையில் இருக்கும், நடுவில் வயிறு பாடியின் விளிம்பில் போய் உட்காரும். இதை நான் காலால் மண்ணில் படம் போட்டே காட்டினேன்.

"பள்ளத்துல சேறு," என்றார் மாமா. "நேத்துதான் வாட்டர் சர்வீஸ் பண்ணேன்."

"கழுவித் தர்றேன் மாமா."

"நீ கழுவினா கீறல் விழும்."

சரி, அது போகட்டும். "அப்ப ஏத்தும்போது யாரும் மேல உக்கார வேணாம். கயிறு கட்டி இழுப்போம், பின்னாடி தள்ளுவோம். ஆள் உக்காந்தா ஸ்பிரிங் அமுங்கி இன்னும் கீழ போயிடும்."

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சொல்ல வேண்டும். மூக்கால் ஆரம்பித்து, வாய்க்கு வராமலேயே முடிந்துவிடும். "பாப்பா, நான் எத்தனை வண்டி ஏத்திருக்கேன்னு தெரியுமா?"

"வாஷிங் மெஷின் ஒண்ணு ஏத்தினீங்க," என்றாள் அக்கா. "ரவுண்டானாவுல விழுந்துச்சு."

"அது கட்டினவன் சரியில்ல."

"கட்டினது நீங்கதான்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தவளையில் உட்காரப் போனார். மாமா இரண்டு மூட்டை சிமெண்ட் தேறுவார். அவர் உட்கார்ந்ததும் தவளை ‘புஸ்’ என்று தரையோடு படுத்தது. நாலு விரல் இரண்டு விரலானது. வாயைத் திறந்தால் அவர் சாவியோடு கிளம்பிவிடுவார், மூடிக்கொண்டு நின்றால் சம்ப் போய்விடும். மூடிக்கொண்டுதான் நின்றேன்.

அதற்குள் எதிர்க்கடை டெய்லர் கழுத்தில் டேப்போடு வெளியே வந்துவிட்டார். தைக்கக் கொடுத்ததைச் சொன்ன நாளில் தந்ததே இல்லை, ஆனால் தெருவில் வேடிக்கை என்றால் முதல் ஆள்.

"என்ன சார், சர்க்கஸா?"

"ஒரே மூச்சுல ஏத்துறேன் பாருங்க," என்று சொல்லிவிட்டு மாமா ஆக்சிலேட்டரைத் திருகினார்.

தவளை பலகைமேல் பாய்ந்தது. முன்சக்கரங்கள் பாடிக்குள் போய் விழுந்தன. பின்சக்கரம் பாத்ரூம் கதவில் பாதி தூரம் வந்தது. அப்புறம் ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். தவளை அசையாமல் நின்றுவிட்டது. வயிறு விளிம்பில், மூக்கு உள்ளே, வால் வெளியே. பின்சக்கரம் கதவை லேசாக உரசிக்கொண்டு வெறுமனே சுற்றியது.

நான் குனிந்து அடியில் தலையை விட்டேன். விளிம்பில் உட்கார்ந்திருந்தது சட்டத்தின் குறுக்குக் கம்பி. அதற்குப் பின்னால், ஒரு விரல் தள்ளி, சம்ப். வண்டி அப்படியே இன்னும் கொஞ்சம் முன்னால் போனால் விளிம்பு நேராக அதில்தான் இடிக்கும்.

"மாமா, ஆஃப் பண்ணுங்க. சம்ப் இடிக்கப் போவுது."

"ஒண்ணும் ஆகாது. இன்னும் கொஞ்சம் குடுத்தா தாண்டிடும்."

"தாண்டாது மாமா, கைய எடுங்க."

"இரு பாப்பா, பயப்படாத." அவர் முன்னால் சாய்ந்து, இருந்த கனத்தையெல்லாம் கைப்பிடியில் போட்டார். என்ஜின் அலறியது. பின்சக்கரம் கதவைப் பிடிக்கத் தொடங்கியது. மரம் கருகுகிற வாடை வந்தது.

"எறங்குய்யா கீழ!"

சொன்னது நான்தான். தெருவே கேட்டது. மாமாவின் கை தானாக விட்டுவிட்டது. என்ஜின் அடங்கியது. அப்பா பச்சைப் பிள்ளை கிணற்றில் விழுந்ததைப் பார்த்தவர்போல் நின்றார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

மாமா இறங்கினார். முகம் செங்கல் நிறம். அவர் இரண்டாவது காலையும் எடுத்ததும் தவளை ‘டொக்’ என்று மேலே எழும்பியது. ஸ்பிரிங் விரிந்து, வயிற்றுக்கும் விளிம்புக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. நான் அக்காவைக் கூப்பிட்டேன், அப்பாவும் பழக்கதோஷத்தில் கை கொடுத்தார். மூன்று பேரும் தள்ளினோம். சம்ப் விளிம்பைத் தொடாமல் தாண்டியது. தவளை சமர்த்தாக உள்ளே போய் நின்றது.

"அட, சார் எறங்கினதும் ஏறிடுச்சே!" என்றார் டெய்லர். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வேலையைச் சரியான நேரத்துக்கு முடித்தார்.

நான் கயிற்றை எடுத்துக் கட்ட ஆரம்பித்தேன். முதல் முடிச்சு விழுவதற்குள் மாமாவின் குரல் வந்தது.

"எறக்கு."

"என்ன மாமா?"

"உன் தள்ளுவண்டிய என் வண்டிலேர்ந்து எறக்கு. ய்யா போட்டுப் பேசுறவ சாமான நான் தூக்கிட்டுப் போவேன்னு நெனச்சியா?"

"மாப்பிள்ளை, சின்னப் பொண்ணு," என்று அப்பா ஆரம்பித்தார்.

"எறக்கச் சொல்லுங்க மாமா," என்றார் அப்பாவிடம். "நான் வீட்டுக்குப் போறேன்."

அப்பா என் பக்கத்தில் வந்தார். "மன்னிப்பு கேட்டுடும்மா. ஒரு வார்த்தைதான? உன் வேலை ஆகணுமில்ல?"

ஒரு வார்த்தைதான். எனக்கும் தெரியும். அதிகாரி வந்திருப்பார், வரிசை நகர்ந்துகொண்டிருக்கும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது, மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்தது, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"சரி மாமா, எறக்கிடலாம்," என்றேன். கட்டிய முடிச்சை அவிழ்த்தேன். "ஆனா ரிவர்ஸ்ல வரணும். சரிவுல புடிச்சுக்கிட்டே வர நல்ல வெயிட்டான ஆள் மேல உக்காந்து பிரேக் போடணும். நான் பத்த மாட்டேன். வாங்க, உக்காருங்க."

பச்சைப் பொய். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் அன்றோடு சம்ப் காலி. கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டேன்.

மாமா பாடிக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் பலகையைப் பார்த்தார். இறங்கப்போகிறவர் கண்ணுக்கு எந்தச் சரிவும் கொஞ்சம் அதிகமாகத்தான் தெரியும். பாத்ரூம் கதவில் கருகின இடம் கறுப்பாக இருந்தது.

"இருங்க சார், ஃபோன எடுத்துட்டு வந்துடறேன்," என்றார் டெய்லர். "வீடியோ எடுத்துக் குடுக்கிறேன்."

"ஏங்க, முதுகு பக்கமா வரணும், பாத்து," என்றாள் அக்கா. குரலில் அப்படி ஒரு அக்கறை.

மாமா வாட்ச்சைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துப் பின்கழுத்தைத் துடைத்தார். "இப்ப எறக்கி, அப்புறம் நீ அழுது, அதுக்கு உங்க அக்கா என்னைத் திட்டி... எதுக்கு அதெல்லாம்? நேரம் வேற ஆச்சு. போனாப் போவுது, நான் பெரிய மனசு பண்றேன். ஏறுங்க."

"மாப்பிள்ளைக்கு எப்பவுமே பெரிய மனசு," என்றார் அப்பா. அதை நம்பியும் சொன்னார், அதுதான் கொடுமை.

நான் தவளையோடு பின்னாலேயே ஏறிக்கொண்டேன். முடிச்சுகளை மறுபடி போட்டு, படுத்து, சம்ப்புக்கு அடியில் கையை வைத்துக்கொண்டேன். முதல் வேகத்தடை வந்தபோது கண்ணை மூடினேன். பழிவாங்க இதைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைக்காது. வண்டி அநியாயத்துக்கு மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. அடுத்ததிலும் அப்படியே. எனக்காக என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய பிக்கப்புக்குப் புது ஷாக் அப்சார்பர் போட்டிருந்தார்.

திடலில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும் மேடு ஒன்று இருந்தது. தவளை அதில் அலுங்காமல் இறங்கியது. அதிகாரி ஒல்லியான மனுஷன், பேச்சே கிடையாது. என்ஜினை ஓடவிட்டு அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தைத் தள்ளினார். பக்கத்து வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வரும்வரை நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா அந்த நேரத்தில் கூட்டத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். "நாங்கதான் கட்டினோம். சம்ப்தான் இதுல முக்கியம். அதுல அடி படாம ஏத்துறது ஒரு டெக்னிக்."

அதிகாரி வந்து காகிதத்தை இழுத்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். போட்டது போலவே வெள்ளையாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு, கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிற ஆள் யார் என்று பார்த்து, நேராக மாமாவிடம் கேட்டார்.

"நீங்க கட்டினதா? ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க."

மாமா தவளையைப் பார்த்தார். அவர் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தார்.

"இல்ல சார். இவதான் ஓட்டுவா."

காலையிலிருந்து அந்த வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான பேச்சு. அவர் மனசு மாறுவதற்குள் ஓடிப்போய் உட்கார்ந்தேன்.