இடது காலும் பாதி மாத்திரையும்

"வழி விடுங்க, வழி விடுங்க!"

ஸ்ட்ரெச்சர் பறந்தது. படுத்திருந்தவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். மாத்திரை டப்பாவை மார்போடு அணைத்துப் பின்னால் ஓடிய அவர் மனைவிக்கு ஒரு கால் செருப்பு எங்கே கழன்றதென்றே தெரியாது.

"கொலஸ்ட்ரால் மாத்திரை நாற்பது எம்.ஜி. தினமும் போட்டாரா?" டாக்டர் நடந்துகொண்டே கேட்டார்.

"போட்டாருங்க."

சிகிச்சை அறைக் கதவு மூடியது. டப்பாவைத் திறந்தாள். எல்லாமே பாதி மாத்திரைகள். தையல் கத்தரியால் அவளே நறுக்கியவை.

முதல் அட்டாக்கிற்குப் பிறகு எழுதிக் கொடுத்த மாத்திரை. கூடவே, "இனிமே லாரி பழக்கப் போகக்கூடாது, சின்னக் கார் மட்டும்தான்" என்று அவள் சத்தியமும் வாங்கியிருந்தாள். கொஞ்ச நாளில் மாஸ்டர் முனக ஆரம்பித்தார். "தொடை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடி. எல்லாம் இந்த மாத்திரை பண்ற வேலை." ரத்தப் பரிசோதனையோ பிரமாதமாக வந்திருந்தது. கொழுப்புதான் இறங்கிவிட்டதே, பாதி போதாதா? கேட்டால் டாக்டர் திட்டுவார். அவளே டாக்டராகிவிட்டாள்.

கதவு திறந்தது. "பிழைச்சிட்டாரும்மா. அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வச்சாச்சு."

அவள் உடைந்து போய் டப்பாவை நீட்டினாள். "பொய் சொல்லிட்டேன் டாக்டர். கால் வலிக்குதுன்னாரு, பாதிதான் குடுத்தேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அது கொழுப்பை இறக்க மட்டும் இல்லம்மா. ரத்தக் குழாய்ல படிஞ்ச கொழுப்பு மேல மெல்லிசா ஒரு மூடி இருக்கும். அது கிழிஞ்சா அங்கேயே ரத்தம் உறைஞ்சிடும். அந்த மூடி கெட்டிப்படவும்தான் பெரிய டோஸ். பாதியாக் குறைச்சதாலதான் இந்த அட்டாக் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேற மாத்திரை பார்த்திருப்பேனே! சரி, எந்தக் கால்ல வலி?"

"இடது கால் மட்டும்."

"மாத்திரை வலின்னா பெரும்பாலும் ரெண்டு காலும்ல வலிக்கும்?" நெற்றியைச் சுருக்கியபடியே போனார்.

மாலையில் மாஸ்டர் கண் திறந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதியா வெட்டி உங்களை இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டேங்க."

"நானும் பார்த்துட்டுத்தானே முழுங்கினேன்? அழாதடி." அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "மாத்திரை மேல சும்மா பழி போட்டேன். நான் லாரியை விடவே இல்ல. இடது கால்ல மிதிக்கிற அந்தக் கிளட்ச் இரும்பு மாதிரி இருக்கும். கால் வலி வந்தது அதுலதான்."