குமிழ் நடுவில்தான் இருந்தது

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவருக்கு ரசமட்டம் என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். டைல்ஸ் பதிப்பது தொழில். தரை சமமா என்று குமிழைக் காட்டிச் சொல்லும் அந்தக் கருவி எப்போதும் கையில் இருக்கும். பதித்து முடித்த தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்து, அது அசையாமல் நிற்பதை வீட்டுக்காரர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவார். கர்வம் கொஞ்சம் உண்டு, இல்லாமல் இல்லை.

அப்பேர்ப்பட்டவரின் போன், அவரே போட்ட சமையல் மேடையிலிருந்து வழுக்கி விழுந்தது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? மேடையிலிருந்து விழுந்தது. ஃபிரிட்ஜ் மேலிருந்து விழுந்தது. கட்டிலோரத்து ஸ்டூலிலிருந்து விழுந்தது. சட்டைப்பையில் போட்டால், குனிந்தபோது அங்கிருந்தும் நழுவியது.

"அண்ணே, இத வெச்சுப் பந்து விளையாடுறீங்களா?" என்றான் போன் ரிப்பேர்க்காரன். "இன்னொரு தடவ விழுந்தா அவ்ளோதான். என்கிட்ட வராதீங்க."

வேறு சமயமாக இருந்தால் தொலைகிறது சனியன் என்று விட்டிருப்பார். மகளுக்கு இது பிரசவ மாதம். மருமகன் கப்பலில். அவள் ஊரின் மறுகோடியில் தனியாக இருந்தாள். வந்து இருந்துவிடு என்று கெஞ்சிப் பார்த்தாயிற்று. "அம்மா இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியாதுப்பா" என்றுவிட்டாள். வலி வந்தால் முதல் போன் அப்பாவுக்கு. அதுதான் ஏற்பாடு.

"போன எங்கயும் வெச்சிடாதீங்கப்பா. கையிலயே வெச்சிருங்க."

மகள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ரசமட்டம் போனை இறுகப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வாசலில் நின்று மனைவியும் இதையேதான் சொன்னாள். "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. இன்னைக்கு மட்டும் போன கையிலயே வெச்சிருங்க."

"வாயுவா இருக்கும், வெந்நீர் குடி" என்று சிரித்துவிட்டுப் போனார். போய், போனை டைல் அடுக்கின் மேல் வைத்துவிட்டு, கல் வெட்டும் கட்டரை ஓட்டினார். கட்டர் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து சேற்றில் விழுந்துகிடந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தார். அத்தனை அழைப்பும் அவளுடையது. வீட்டுக்கு ஓடிப் பார்த்தபோது அவள் போய்ச் சேர்ந்திருந்தாள். மகள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தாலாவது அழுது தீர்த்திருப்பார்.

மகள் சொன்ன அன்றைக்கே அவர் சமையல் மேடையைச் சோதித்தார். ரசமட்டத்தை வைத்தார். குமிழ் நட்டநடுவில் நின்றது. போனை அணைத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு அது நகர்ந்தது. அதிர்வு இல்லை, சத்தம் இல்லை. அவரை நோக்கி வந்தது. அவர் மேடையின் மறுபக்கம் போய் நின்றார். போன் நின்றது. பிறகு அந்தப் பக்கமாக வர ஆரம்பித்தது. விளிம்பைத் தாண்டும்போது பிடித்துக்கொண்டார். உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. அணைத்த போன் எப்படிச் சுடும்?

பயந்துபோனார். பயந்தவருக்குத் தோன்றிய யோசனை டைல்ஸ்காரருக்கு மட்டும்தான் தோன்றும். மறுநாள் வேலைக்குப் போன வீட்டில், அப்போதுதான் பதித்த ஜன்னல் மேடை டைலின் மேல் கல் ஒட்டும் பசையைத் தடவி, போனை முதுகுப்புறமாக அழுத்தி ஒட்டிவிட்டார். திரை மேலே தெரிந்தது. "இப்போ வழுக்கு பாப்போம்" என்றார். நிம்மதியாகக் குளியலறைக்குப் போய்க் கட்டரைப் போட்டார்.

பாதிக் கல் வெட்டியிருப்பார். பக்கத்தில் தரையில் கிடந்த ரசமட்டம் மெல்ல நகர்ந்தது. அதன் குமிழ் நடுவில்தான் இருந்தது. தரை அவர் போட்ட தரை. நகர்ந்து வந்து அவர் காலில் முட்டியது. தள்ளிவிட்டார். மறுபடியும் வந்து முட்டியது.

கட்டரை நிறுத்தினார். அந்த அமைதியில் அடுத்த அறையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் திரையைத் தொட்டார்.

"அப்பா, பனிக்குடம் ஒடைஞ்சிடுச்சு. கட் பண்ணாதீங்க, பேசிக்கிட்டே வாங்க. எனக்குப் பயமா இருக்கு."

போனை இழுத்தார். கல் ஒட்டும் பசை அது, விடுமா? ஆனால் டைலுக்கு அடியிலிருந்த கலவை இன்னும் இறுகவில்லை. கொத்துக்கரண்டியை விட்டு நெம்பி டைலையே பெயர்த்தார். காதில் டைலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தெருவில் ஓடுவதை அன்று பலர் பார்த்தார்கள். ஆட்டோக்காரர் டைலை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார். மகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

பெண் குழந்தை. "கொஞ்சம் தாமதமாயிருந்தா ரெண்டு உசுருக்குமே ஆபத்து" என்றார் டாக்டர். நர்ஸ் டைலையே பார்த்தாள். "இது என்னங்க?"

"போன்தான்மா."

மகள் தூங்கினாள். ரசமட்டம் டைலைக் கட்டிலோர மேசையில் வைத்துவிட்டுக் கையை உதறினார். அப்படியொரு கனம். கொஞ்ச நேரத்தில் கரகரவென்று சத்தம் கேட்டது. டைல் நகர்ந்துகொண்டிருந்தது. இந்தமுறை அவர் பக்கம் இல்லை. மேசையை ஒட்டிக் கிடந்த தொட்டிலின் பக்கம்.

பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தார். கீழே குழந்தை வாயைச் சப்புக்கொட்டித் தூங்கியது. டைல் அவர் பிடியிலும் தொட்டில் பக்கமே இழுத்தது.

அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டைலைத் தூக்கி, விரிசல் விட்ட திரையைக் குழந்தையின் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"பாத்துக்க, உன் பேத்தி. மூக்கு உன்னோடதுதான்."

இருண்டிருந்த திரையில் வெளிச்சம் வந்தது. இழுப்பு நின்றது. நர்ஸ் இரண்டு தரம் வந்து சொல்லியும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை.