அக்கா தேடிய குடும்பப் பெயர்

எங்கள் குடும்பப் பெயர் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. எப்படி வந்தது என்று எப்போது கேட்டாலும் அப்பா, "சாப்பாடு ஆறுது, முதல்ல சாப்பிடு" என்று பேச்சை மாற்றிவிடுவார். அவர் இறந்த மறு ஆண்டு, அக்கா ஆவணக் காப்பகத்துக்கு நடையாய் நடக்க ஆரம்பித்தாள். கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. சனிக்கிழமைதான் ஓய்வு. அதையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டினாள்.

"ராஜ பரம்பரைன்னு தெரிஞ்சா சொல்லு, நான் வேலையை விட்டுடறேன்" என்றேன். நான் பஸ் பணிமனையில் மெக்கானிக்.

"வாயை மூடுடா."

முதலில் அப்பாவின் திருமணப் பதிவு கிடைத்தது. அதில் அவருடைய தந்தையின் பெயர் எங்கள் குடும்பப் பெயரோடு இருந்தது. தொழில், ரொட்டி சுடுபவர். அடுத்து அப்பாவின் பிறப்புப் பதிவு வேண்டும். இரண்டு சனிக்கிழமை தேடியும் அகப்படவில்லை. மூன்றாம் வாரம் காப்பக ஊழியர், தூசிக்குப் பயந்து முகக்கவசத்தைக் கழற்றாத மனிதர், மெதுவாகச் சொன்னார்: "உங்க அப்பாவோட அம்மா குடும்பப் பேர்ல தேடிப் பாருங்கம்மா."

அக்கா பணிமனைக்குப் போன் செய்தாள். "டேய், அப்பாவோட பிறப்புப் பதிவு கிடைச்சிடுச்சு. பிறந்த தேதி, அவரோட அம்மா பேரு எல்லாம் சரியா இருக்கு. தகப்பன் பேர் இருக்க வேண்டிய இடத்துல வெறும் கோடு போட்டிருக்காங்கடா."

அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். ஊழியர் என் கிரீஸ் கைகளைப் பார்த்தார். "தம்பி, நீங்க தொடாதீங்க. அக்கா புரட்டட்டும்."

அப்பாவின் அம்மாவுடைய திருமணப் பதிவைத் தேடினோம். அப்பா பிறந்து நான்கு வருடம் கழித்துத்தான் அந்த ரொட்டிக்காரர் அவளை மணந்திருக்கிறார். அடியில் ஒரு வரி: 'மணமகளின் மகனை என் மகனாக ஏற்று, என் குடும்பப் பெயரை அவனுக்குத் தருகிறேன்.' பேனா பிடித்துப் பழகாத, கோணல்மாணலான கையெழுத்து.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றேன்.

"நாலு வயசுப் பிள்ளைக்கு அம்மா கல்யாணம் ஞாபகம் இருக்காதா?" என்றாள் அக்கா. "நம்மகிட்ட மறைச்சுட்டாரேடா."

ஊழியர் இன்னொரு பதிவேட்டை எடுத்து வந்து வைத்தார். ரொட்டிக்காரரின் இறப்புப் பதிவு. நாங்கள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து. உறவு: மகன்.

அக்கா அந்தக் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"மறைக்கணும்னு இல்லக்கா" என்றேன். "அவருக்கு அது சொல்றதுக்கு ஒரு விஷயமாவே தோணியிருக்காது."

"இருக்கும்" என்றாள். பாதி மனசோடுதான் சொன்னாள்.

"மேல தேடணுமா?" என்று கேட்டார் ஊழியர். "தேடறதா இருந்தா ரத்த வழியா, பேர் வழியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "பேர் வழியாவே போங்க சார்" என்றேன். அவர் படிவத்தை எடுத்தார்.

"யாரோட பிறப்புப் பதிவு?"

ரொட்டிக்காரரின் பெயரைச் சொன்னேன்.

"உங்களுக்கு என்ன உறவு?"

"எங்க தாத்தா" என்றாள் அக்கா.

அந்தப் பதிவேடு கீழ்த்தளத்தில் இருக்கிறதாம். எடுத்துவர அரைமணி நேரமாகும் என்றார். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம்.