பத்துக் கேள்விக்கும் ஒரே டிக்

லிப்ட் மெக்கானிக்கான அவனுக்குக் கட்டம் போட்ட தாளைக் கண்டாலே கை துறுதுறுக்கும். மாதாமாதம் எந்திர அறை அட்டையில் கம்பி சரி, பிரேக் சரி, கதவு சரி என்று டிக் அடித்துப் பழகிய கை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது. தொட்டுப் பார்க்காமல், காதுவைத்துக் கேட்காமல் அவன் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பியதில்லை. லிப்ட் விஷயத்தில்.

குழந்தை பிறந்து ஆறாவது வாரம். பரிசோதனைக்குப் போன இடத்தில் நர்ஸ் அவன் மனைவியிடம் ஒரு தாளை நீட்டினார். பத்துக் கேள்விகள்.

"போன வாரம் மனசு எப்படி இருந்துச்சுனு நீங்களே படிச்சு டிக் பண்ணுங்க."

ஐந்து நிமிடமாகியும் அவள் பேனா மூடியைத் திறக்கவில்லை. அவன் தோளில் குழந்தை சிணுங்கியது.

"கொடு இங்க. பரீட்சையா எழுதப் போற?"

தாளை அவனே வாங்கிக்கொண்டான். சிரிக்க முடிகிறதா? எப்போதும்போல. என்னைக் கட்டிக்கொண்டு சிரிக்காமல் இருக்க முடியுமா என்று அவனுக்கு ஒரு மிதப்பு. ஓரமாக ஒரே வரிசையில் டிக் இறங்கியது. பத்தாவது கேள்வியை அவன் படிக்கவே இல்லை. உள்ளே டாக்டர் வயிற்றைப் பார்த்துவிட்டு, "தையல் நல்லா ஆறியிருக்கு" என்றார். வேலை முடிந்தது.

அந்தத் தையலுக்கு ஒரு ஜோக் வைத்திருந்தான். பதினெட்டு மணி நேர வலிக்குப் பிறகு குழந்தையின் இதயத்துடிப்பு குறைய, அவளை அவசர அவசரமாக ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவன் சொன்னான்: "கதவு தெறக்கலைன்னா கூரையைத் தெறந்து ஆளை எடுத்துட வேண்டியதுதான். எங்க தொழில்லயும் அதேதான்!" எல்லோரும் சிரித்தார்கள். அவன் அக்கா ஒருபடி மேலே போனாள். "அதான் நோகாம பெத்துட்டாளே, இன்னும் என்னடா படுக்கை?" அதற்கும் சிரித்துவைத்தான்.

பரிசோதனை முடிந்த மூன்றாம் நாள் காலை, பிரிட்ஜ் கதவில் அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பால் ஆறு மணி, ஒன்பது மணி. இடது தோளில் போட்டால் ஏப்பம் வரும். மஞ்சள் சட்டை கழுத்தில் உறுத்தும், போட வேண்டாம்.

"என்ன மேடம், புதுசா ஆள் எடுக்கறீங்களா?"

"நீங்க தெரிஞ்சு வெச்சுக்கணும்ல."

"அதான் நீ இருக்கியே!"

அவள் கழுவிய பால்புட்டியையே மறுபடி கழுவினாள்.

அன்று வேலைக்குப் போன கட்டடத்தின் ஒன்பதாவது மாடி எந்திர அறையில், அட்டைக்குப் பின்னால் அவனுக்கு முன்பிருந்த மெக்கானிக் எழுதிய குறிப்பு இருந்தது. மூன்றாம் மாடிக் கதவு இழுக்கும். மழை நாளில் சத்தம் வரும், பயப்பட வேண்டாம். எத்தனையோ முறை படித்ததுதான். இன்று படித்ததும் பிரிட்ஜ் கதவுத் தாள் ஞாபகம் வந்தது. வேலையை விட்டுப் போகிறவன்தான் இப்படி எழுதிவைப்பான்.

லிப்டை நிறுத்திவைத்த புண்ணியவானே அவன்தான் என்பதால், ஒன்பது மாடியும் படியில் ஓடி இறங்கினான்.

வீட்டில் தொட்டிலில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. குளியலறை உள்பக்கம் தாழிட்டிருந்தது. எந்தக் கதவையும் இரண்டு நிமிடத்தில் திறக்கிறவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். திருகில் அது உட்காரவே இல்லை.

"என்னம்மா? தையல் வலிக்குதா?"

கேட்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"பாப்பாவை எடுத்துட்டாங்க. எல்லாரும் போயிட்டாங்க. நான் இன்னும் உள்ளயேதான் மாட்டிக்கிட்டிருக்கேன்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல். "நீங்க அந்தக் கூரை ஜோக்கையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீங்க. எனக்கு என்மேலயே பயமா இருக்குங்க."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். வெகுநேரம் கழித்து அவளே தாழை நீக்கினாள்.

மருத்துவமனையில் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "ஆபரேஷன் ஆன எல்லாருக்கும் இப்படி வராது. ஆனா இப்படி அவசரமா நடந்தா, மனச்சோர்வு வர வாய்ப்பு கூடுதல். கர்ப்பத்துலயே தூக்கமில்லாம பயந்தாங்களா?"

ஏழாம் மாதத்திலிருந்தே. அதற்கும் அவன் 'நைட் வாட்ச்மேன்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தான்.

"இது நோய்ங்க. சிகிச்சை இருக்கு. அவங்களைத் தனியா விடாதீங்க."

"எத்தனை நாள்ல சரியாகும், டாக்டர்?"

"தேதி போட்டுச் சொல்ல முடியாது."

நர்ஸ் புதுத் தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். அவன் முகத்தைப் பார்க்காமல் அதை அவள் மடியில் வைத்தார். ஒன்பது கேள்விகள் மெல்ல நகர்ந்தன. பத்தாவதில் பேனா நின்றது. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா? அவன் கை தன்னையறியாமல் நீண்டது. இழுத்துக்கொண்டான்.

செல்போன் அடித்தது. அக்கா.

"என்னடா, மறுபடி ஆஸ்பத்திரியாமே? தையல் ஆறலையா?"

"தையல் எப்பவோ ஆறிடுச்சுக்கா. அவதான் ஆறல." குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே சொன்னான். "நோகாம யாரும் பெத்துக்கறதில்ல. வயித்தை அறுத்துப் பெத்தவகிட்ட தையலை மட்டும் விசாரிச்சுட்டுப் போயிடக்கூடாதுக்கா. மனசு எப்படி இருக்குனும் கேட்கணும். கேட்டுட்டு, அவ சொல்றவரைக்கும் வாயை மூடிட்டு இருக்கணும். எனக்கு அது தெரியல."



அவன் போனை வைத்துவிட்டுக் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டான். அவள் இன்னும் பத்தாவது கேள்வியிலேயே இருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான்.