முட்டைப் பந்தும் ஓட்டக்கார எலியேசரும்

டில்லி தர்பார் நடந்த வருஷம், பாளையங்கோட்டை உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளியில் எலியேசரை ஓட்டத்தில் முந்த ஆள் கிடையாது. பந்தயத்தில் அவன் கயிற்றை அறுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மற்றவர்கள் அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேருவார்கள். விடுமுறையில் கிளித்தட்டு ஆடினாலும் அப்படித்தான். தரையில் கிழித்த கோடுகளில் காவல் நிற்கிறவர்களின் கை படாமல் எல்லாக் கோட்டையும் தாண்டிவர வேண்டும். விரல் நுனி பட்டாலும் ஆட்டம் போச்சு. எலியேசர் மேல் யாருடைய விரலும் பட்டதில்லை.

அந்தச் சமயத்தில் மதுரைப் பக்கத்திலிருந்து ஓர் அமெரிக்கத் துரை உடம்பு தேற வந்து தங்கினார். இரண்டு முனையும் கூர்த்த தோல் பந்து ஒன்றைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். ஊர் அதற்கு முட்டைப் பந்து என்று பேர் வைத்தது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிராளியின் கோட்டைத் தாண்ட வேண்டும். தடுக்கிறவன் இடுப்பைப் பிடிக்கலாம், மேலே விழுந்து மண்ணில் அமுக்கலாம். சட்டையைக் கசக்கினாலே பிரம்படி விழும் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு விளையாட்டா என்று பையன்களுக்கு ஒரே குஷி.

பந்து எலியேசர் கைக்குத்தான் போக வேண்டும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. துரை மட்டும் தாடியைத் தடவினார். தங்கள் தேசத்திலும் ஓட்டக்காரர்களைக் கூட்டிவந்து ஆடவிட்டுப் பார்ப்பதுண்டு, சிலர் ஜொலிப்பார்கள், சிலருக்கு முதல் அடி விழுந்ததுமே கால் மறந்துபோகும் என்றார். அது யாருடைய காதிலும் ஏறவில்லை. பழகும்போது எலியேசரை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. பிடிக்க முடியாதவன் விழுவது எப்படி? ஆகவே அவன் ஒரு தடவைகூட விழாமலே பழகி முடித்தான்.

அவனுக்கு வழி திறந்துவிடும் வேலை சாலமோனுடையது. உடன்குடிக்காரன், கதவு அகலத்துக்கு நெஞ்சு. அவன் தாய் பாக்கியவதியும் தங்கை கெசியாவும் பாளையங்கோட்டையிலேயே குடியிருந்தார்கள். கெசியா பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். அவளை எலியேசருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சாலமோனின் ஆசை. எலியேசருக்கோ அது ஆசையையும் தாண்டிய ஒன்று. பாக்கியவதிதான் பிடிகொடுக்கவில்லை. "ஓடுதான் ஓடுதான்னு சொல்லுத. நிக்கத் தெரியுமாலே அவனுக்கு?" என்று மகனைக் கேட்டு வாயை அடைத்துவிட்டாள்.

துரையிடமே முட்டைப் பந்து பழகியிருந்த டவுன் வாலிபர் சங்கத்தோடு கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் ஆட்டம். அந்தப் பக்கத்துக் காவலாள் திருஞானசம்பந்தம். பேரைக் கேட்டால் தேவாரம் பாடுகிறவர் என்று தோன்றும்; ஆளைப் பார்த்தால் ஓடுகிற தேரை நிறுத்தச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர். நிஜமாகவே அவர் கட்டை போடுகிறவர்தான்.

கடைசிவரை இரண்டு கட்சியும் சமமாக இருந்தன. முடிகிற சமயத்தில் பந்து எலியேசர் கைக்கு வந்தது. சாலமோன் குனிந்து, எதிரே வந்த இரண்டு பேரைத் தன் தோளில் வாங்கினான். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் எலியேசருக்குக் கேட்டது. சாலமோன் விலகவில்லை. வழி திறந்தது. எலியேசர் பாய்ந்தான். கோடு கண்ணெதிரே தெரிந்தது. நடுவில் ஒரே ஒருவர், திருஞானசம்பந்தம், கைகளை விரித்துக்கொண்டு பக்கவாட்டிலிருந்து வந்தார்.

அந்த நெஞ்சைப் பார்த்தான் எலியேசர். அடுத்த கணம் பந்து தரையில் இருந்தது. அவன் கையைத் தூக்கி நின்றுகொண்டு, "பட்டுட்டு" என்றான்.

டவுன்காரர்கள் ஒரு நிமிஷம் திகைத்தார்கள். பிறகு ஒருவன் பந்தை அள்ளிக்கொண்டு மைதானம் முழுவதும் ஓடி ஜெயித்தான். இந்த விளையாட்டில் கை பட்டால் குற்றமில்லை, ஆளைக் கீழே தள்ளினால்தான் கணக்கு என்று துரை தலையில் அடித்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. பையன் பழக்கதோஷத்தில் கிளித்தட்டு ஆடிவிட்டான் என்றார்கள். எவருக்கும் தெரியாத ஒன்றைத் தானாக ஒப்புக்கொண்டு கையைத் தூக்கினானே, இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவனா என்று அப்புறம் பேச்சு மாறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக் குரு சத்தியநேசன் ஐயர் பிரசங்கத்தில் அவனை எடுத்துப் பேசினார். தோற்றாலும் பொய் சொல்லாத வாலிபன் நம் சபையில் இருக்கிறான் என்று பிரசங்க பீடத்திலிருந்து கை நீட்டினார். சபை முழுவதும் திரும்பியது. எலியேசர் தலையைக் குனிந்துகொண்டான். அதையும் தாழ்மை என்றார்கள்.

பெண்கள் பக்கத்தில் பாக்கியவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் மகனிடம் சம்மதம் என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிறே ஆலயத்தில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்துவிடலாம் என்று ஏற்பாடு ஆயிற்று.

எலியேசருக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. திருஞானசம்பந்தத்தின் கை அவன் மேல் படவில்லை. ஒரு முழம் தள்ளி இருந்தது. அது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். பந்தைக் கீழே வைத்தது பழக்கமும் இல்லை, உண்மையும் இல்லை. பயம். கிளித்தட்டு அந்தப் பயத்துக்கு நல்ல சட்டை மாட்டிவிட்டது. ஊரே சட்டையைப் பார்த்து மெச்சுகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் சாலமோனைப் பார்க்கப் போனான். தோளெலும்பு முறிந்து, கட்டோடு சுவரில் சாய்ந்திருந்தான் சாலமோன். எலியேசர் உட்கார்ந்த சற்று நேரத்தில் வாசலை அடைத்துக்கொண்டு ஓர் ஆள் நுழைந்தது. திருஞானசம்பந்தம். கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம்.

"எப்படி இருக்கீரு வே? எங்க பயலுவ ரெண்டு பேரும் இன்னும் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டுக் கெடக்கானுவ" என்று சொல்லி உட்கார்ந்தார். சாலமோனுக்குச் சிரிப்பு வந்து தோள் வலித்தது. இரண்டு பேரும் ஆட்டத்தை முதலிலிருந்து பேசித் தீர்த்தார்கள். கடைசிப் பாய்ச்சலுக்கு வந்தபோது சாலமோன் பெருமையாகக் கேட்டான்.

"அண்ணாச்சி, எங்க ஐயர் இவனைப் பத்திப் பிரசங்கமே பண்ணிட்டாரு, தெரியுமா? ஒங்க கை இவனுக்கு எங்கன பட்டுது? முதுகிலயா?"

திருஞானசம்பந்தம் எலியேசரைப் பார்த்தார். பார்வை கொஞ்ச நேரம் அவன் மேலேயே இருந்தது. அதில் கேலி இல்லை. தேர் வருகிற பாதையில் நிற்கிற சின்னப் பிள்ளையை ஓரமாக நகர்த்துகிற மாதிரி ஒரு பரிவு இருந்தது.

"முதுகிலதான்னு நெனைக்கேன்" என்றார் மெல்ல. "ஓடுத ஓட்டத்துல என்னத்தக் கண்டோம்."

அவர் சிரித்திருந்தால்கூட எலியேசர் தாங்கியிருப்பான். தன்னைத் தோற்கடித்த மனிதர், தனக்காகப் பொய் சொல்கிறார். யாரிடம்? தனக்காக எலும்பை ஒடித்துக்கொண்டவனிடம்.

"அவரு தொடலைலே" என்றான். "யாரும் தொடலை. பயந்துட்டேன்."

திருஞானசம்பந்தம் பழச்சீப்பை எடுத்துத் தள்ளி வைத்தார். பிறகு வேலை கிடக்கிறது என்று பைய எழுந்து போய்விட்டார்.

"நான் அங்கன விழுந்து கெடந்தப்பமும் நீ கோட்டைத் தாண்டிருப்பேன்னுதான் நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன்" என்றான் சாலமோன். கோபம் இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பப் பார்த்தான், கட்டு விடவில்லை. எலியேசர்தான் எழுந்து அவன் முதுகைத் தாங்கித் திருப்பிவிட்டான்.

உள் நடையில் கெசியா நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. எலியேசர் அவள் எதிரே போய் நின்றான்.

"அம்மை தண்ணி எடுக்கப் போயிருக்கா. வந்ததும் நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். அப்புறம், அவன் முகத்தைப் பார்க்காமலே, "ஐயருக்கு யாரு சொல்லுவா? சபை முன்னால கையை நீட்டிச் சொல்லிட்டாருல்லா" என்றாள்.

"நான் போறேன்."

"நாளைக்கு ஓலை வாசிக்கணுமா வேண்டாமான்னு அதுக்குப் பெறகு பாப்போம்."

அதில் சம்மதம் இருந்ததா, மறுப்பு இருந்ததா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் துணியவில்லை.

ஐயர் வீடு கூப்பிடு தூரம்தான். எலியேசர் தெருவில் நடந்தபோது எதிரே வந்தவர்கள் அவனுக்குக் கும்பிடு போட்டார்கள். ஒவ்வொரு கும்பிடும் முதுகில் அடியாக விழுந்தது. ஐயர் முற்றத்தில் நாற்காலி போட்டு, அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த இரண்டு பெரியவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். இவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா தம்பி வா. ஒன்னப் பத்தித்தான் இவங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்" என்று எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார்.

பெரியவர்கள் இருவரும் அவனைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். வேண்டுமானால் இப்போதும் ஓடிவிடலாம். இவர்களில் ஒருவராலும் அவனைப் பிடிக்க முடியாது. எலியேசர் ஐயரின் கைக்குக் கீழே அப்படியே நின்றான்.

"ஐயரே, அந்தப் பிரசங்கத்தைத் திருத்தணும்" என்றான்.