படிவத்தில் எண்பத்தாறு

குதிரைப் பயணத்துக்கான படிவத்தில் பெயர், வயது, எடை என்று மூன்று கட்டங்கள் இருந்தன. தொண்ணூறு கிலோவுக்கு மேல் இருந்தால் குதிரை கிடையாது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் தொண்ணூற்றேழு. ஆறு மாதமாக அவர் வாயில் இந்த நான்கு நாள் பேச்சுதான். நான் எண்பத்தாறு என்று எழுதினேன். எண்பத்தைந்து என்றால் குத்துமதிப்பாகத் தெரியும், சந்தேகம் வரும்.

முதல் நாள் காலை லாயத்து வாசலில் குதிரைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். இருந்ததிலேயே பெரிய சிவப்புக் குதிரையை அவிழ்த்து வந்தார்.

தென்னந்தோப்பு தாண்டி வாய்க்கால் கரை வந்ததும், "சார், மேடா இருக்கு, இறங்கி நடந்துடுங்க" என்றார். இடிந்த கோட்டை வாசலிலும் அதே பாட்டு. நானும் கூட வந்திருந்த நாத்தனாரும் குதிரை மேலேயே உள்ளே போனோம்.

"எனக்கு மட்டும் என்ன மேடு?" என்றார் இவர்.

"அண்ணா, நீயே ஒரு மேடுதான்" என்றாள் நாத்தனார்.

குதிரைக்காரருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை? எதற்காகச் சேர்த்து வைக்கிறார்? இரண்டாம் நாள் கல்மண்டபத்தில் சிற்பங்களைப் பார்ப்பது போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புக் குதிரையின் முதுகில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"தூண் எல்லாம் நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்கு."

"கல்லு இல்லையா, எவ்வளவு பாரம்னாலும் தாங்கும்."

சிரிக்கவில்லை அவர்.

சாயங்காலம் அறையில் இவர் கால்களை நீவிக்கொண்டே சொன்னார்: "பாதி ஊரை என்னை நடக்க வெச்சே சுத்திக் காட்டிட்டான். ஆளு சரியில்லை. நீதான் கோர்வையா எழுதுவியே, முதலாளிக்கு ஒரு லெட்டர் போடு."

பேனாவில் மை இல்லை என்றேன்.

லெட்டருக்கு வேலையில்லாமல் மூன்றாம் நாள் முதலாளியே ஜீப்பில் வந்தார், பழைய அரண்மனைக் குளத்தங்கரைக்கு. ஒவ்வொரு குதிரையாகத் தடவிப் பார்த்தவர் சிவப்புக் குதிரையின் சேணத்தைத் தூக்கினார். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. அவர் விரல் பட்டதும் குதிரை உடம்பை வளைத்து விலகியது.

"இத்தனை வருஷமாச்சு, ஒரு சேணம் போடத் தெரியலையா? லாயத்துச் சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

"நான் அப்பவே நினைச்சேன் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

குதிரைக்காரர் இப்போது எங்களைக் கை காட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் இடுப்புப் பையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சேணத்துல தப்பு இல்லீங்க" என்றேன். "இவர் எடை தொண்ணூத்தேழு. எண்பத்தாறுன்னு எழுதினது நான்."

முதலாளி என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். எப்போதும் ஏதாவது சொல்லும் நாத்தனார் குளத்தைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியாதா?" என்று முதலாளி குதிரைக்காரரிடம் திரும்பினார்.

"ஏறி உக்காந்தப்பவே தெரிஞ்சுதுங்க."

"அப்ப ஏன் சொல்லலை?"

"போன தடவை ஒருத்தரை எடை அதிகம்னு சொன்னேன். வந்தவங்களை அவமானப்படுத்திட்டேன்னு நீங்கதான் திட்டினீங்க. அதான் முடிஞ்ச இடத்துல எல்லாம் நடக்க வெச்சேன்."

முதலாளி சேணத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். "சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மருந்து எடுக்க ஜீப்புக்குப் போனார்.

எங்களை ஜீப்பில் வரச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் மாட்டேன் என்று விடுவிடுவென நடந்தார். சேணம் இல்லாத சிவப்புக் குதிரை அவருக்குப் பின்னால் போனது. ஏறியிருந்த நானும் ஜீப்பிலிருந்து இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்துகொண்டேன். வயல் வரப்பு முடிகிற இடத்தில்தான் அவர் நின்றார்.

"மூணாம் மனுஷங்க முன்னாடி" என்றார் கடைசியில், "தொண்ணூத்தஞ்சுன்னாவது சொல்லியிருக்கலாம்."